தேரடியில் கொதித்த வண்டி

லாரியை இரண்டு மாடுகள் இழுத்துக்கொண்டு வந்தன. கல்மண்டபத்தில் நீலமேகத்தின் ஷெட்டுக்கு இப்படி வந்து சேருகிற வண்டிகள் புதிதல்ல; ஆனாலும் தெருவில் போகிறவர்கள் நின்று சிரிக்கத்தான் செய்தார்கள். யுத்தத்துக்காகக் கப்பலில் வந்து இறங்கிய லாரி அது. யுத்தம் முடிந்து, வெள்ளைக்காரனும் மூட்டை கட்டிப் போய் ஏழெட்டு வருஷம் ஆகிவிட்டது. அது மட்டும் போக மனசில்லாமல் எண்ணூர் உப்பளத்துக்கும் ராயபுரம் கிடங்குக்கும் நடுவே உப்பு மூட்டை சுமந்துகொண்டிருந்தது. மாட்டுக்காரனை ஏதாவது சீண்டலாம் என்றுதான் நீலமேகம் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு வெளியே வந்தான். ஸ்டியரிங்கைப் பிடித்தபடி உட்கார்ந்திருந்த லோகநாதனின் தாடியைப் பார்த்ததும் வாய்வரை வந்த கிண்டல் உள்ளேயே போய்விட்டது.

லாரிக்குப் பின்னால் பத்தடி விட்டு லோகநாதனின் பெண்சாதி பட்டம்மாள் நடந்து வந்தாள். திருவொற்றியூரிலிருந்து அவ்வளவு தூரமும் நடந்தே வந்திருக்கிறாள். அந்த வண்டியில் இனி ஏறுவதில்லை என்று வைத்துக்கொண்டுவிட்டாளாம். இடுப்பில் ஒரு துணி மூட்டை. ஷெட்டுக்குள் வராமல் எதிர்ப்பக்கம் பூவரச மரத்தடியில் உட்கார்ந்து மூட்டையை மடியில் வைத்துக்கொண்டாள்.

விஷயம் நீலமேகத்துக்கு ஏற்கெனவே தெரியும். மீன் வண்டிக்காரர்கள் சொல்லியிருந்தார்கள். பதினாறு நாளைக்கு முன்னால் விடியற்காலையில் லோகநாதனின் மகள் கெங்காவுக்கு வாந்திபேதி கண்டது. ஏழு வயசு. நெட்டுக்குப்பத்தில் அந்த நேரத்துக்கு வேறு என்ன கிடைக்கும்? உப்பு மூட்டைகளை இறக்கித் தள்ளிவிட்டு, பிள்ளையைத் தாயின் மடியில் கிடத்தி லாரியை எடுத்தான். பெரிய ஆஸ்பத்திரி போய்ச் சேர முக்கால் மணி நேரம் போதும். திருவொற்றியூர்த் தேரடியில் லாரி கொதித்து நின்றது. மூடியைத் திறந்தால் ஆவி சீறியது. ஆற வைத்து, தண்ணீர் ஊற்றி, மறுபடி கிளப்பினால் நாலு கடை தள்ளி மறுபடி கொதிப்பு. கடைசியில் லாரியை அங்கேயே விட்டுவிட்டு ஒரு குதிரை ஜட்காவைப் பிடித்து ஏற்றினார்கள். தண்டையார்பேட்டை தாண்டுவதற்குள் பிள்ளையின் மூச்சு அடங்கிவிட்டது.

கெங்கா இந்த ஷெட்டுக்கு ஒருமுறை வந்திருக்கிறாள். தேய்ந்துபோன பேரிங் ஒன்றைக் கொடுத்து, வைத்துக்கொள் என்றான் நீலமேகம். அதைத் தரையில் உருட்டி உருட்டி, அது போகிற இடமெல்லாம் ஓடினாள். அவ்வளவுதான் அவனுக்கும் அவளுக்கும் பழக்கம். இருந்தும் செய்தி கேட்ட அன்று அவனால் சாப்பிட முடியவில்லை.

லோகநாதன் இறங்கி வந்தான்.

"அண்ணாத்தே, வண்டி ஓடணும்னு நான் வர்ல. மொதலாளி கேட்டாரு, அது வேற. இன்னாத்துக்குக் கொதிச்சிச்சு, அத்தச் சொல்லு. எனக்கு அது போதும்."

"பாத்துட்றேன். நீ ஒக்காரு."

"அன்னிக்கிக் காலீல நான் தண்ணி ஊத்தலன்னு அவ நெனச்சிகினு கீறா. ஊத்துனேன் அண்ணாத்தே. ரெண்டு பக்கெட்டு. நானே கெணத்துல மொண்டேன். தண்ணி இருந்தா ஏன் கொதிக்கும்னு கேக்குறா. நான் இன்னா பதில் சொல்றது? மெக்கானிக்கு வாயால கேட்டுக்கிறேன், தண்ணி இல்லன்னு சொன்னார்னா இப்டியே புழலுக்கு அண்ணன் வூட்டுக்குப் பூட்றேன்னு துணிய எடுத்துகினு வந்துட்டா."

நீலமேகம் மரத்தடியைத் திரும்பிப் பார்த்தான். அவள் லாரியையும் பார்க்கவில்லை, இவர்களையும் பார்க்கவில்லை.

பானெட்டைத் தூக்கி வைத்துவிட்டு அவன் வேலையில் இறங்கினான். துக்கமோ சந்தோஷமோ, இஞ்சினுக்கு முன்னால் நின்றுவிட்டால் அவனுக்கு மற்றதெல்லாம் கொஞ்சம் தள்ளி நிற்கும். ஃபேன் பெல்ட்டைக் கட்டை விரலால் அமுக்கிப் பார்த்தான்; தொய்வில்லை. ரப்பர் குழாய்கள் வெடிக்கவில்லை. தண்ணீர் பம்ப் ஒழுங்காகச் சுற்றியது. ஆயில் கம்பியை உருவித் துடைத்து மறுபடி விட்டு எடுத்து வெளிச்சத்தில் பார்த்தான். ஆயிலில் தண்ணீர் கலந்திருந்தால் மோர் மாதிரி வெளுத்திருக்கும். இது கறுப்பாகவே இருந்தது. சரி, உள்ளே ஒன்றும் உடையவில்லை. ரேடியேட்டர் நிறையத் தண்ணீர் ஊற்றி, முன்னால் ஹேண்டிலைப் போட்டுச் சுற்றிக் கிளப்பினான். பதினாறு நாள் தூங்கிய வண்டி இரண்டு முறை இருமிவிட்டு ஓடத் தொடங்கியது. அந்தச் சத்தம் கேட்டதும் மரத்தடியில் பட்டம்மாளின் தலை ஒருமுறை நிமிர்ந்து தாழ்ந்தது.

கால் மணி நேரத்தில் மூடியடியில் ஆவி முனகியது. நீலமேகம் ரேடியேட்டரின் மேல் பக்கத்தில் கை வைத்தான், சுட்டது. உள்ளங்கையை மெல்லக் கீழே இறக்கினான். பாதிக்குக் கீழே சூடு குறைந்தது. அடியில், மண்பானையைத் தொட்டது போல ஜில்லென்றிருந்தது. மேலே கொதிக்கிற தண்ணீர் கீழே இறங்கவே இல்லை. எத்தனை பக்கெட் ஊற்றினாலும் இது கொதிக்கத்தான் செய்யும். லோகநாதன் பொய் சொல்லவில்லை. அந்த ஒரு நிமிஷம் நீலமேகத்துக்குச் சந்தோஷமாகக்கூட இருந்தது. இதை மட்டும் போய்ச் சொல்லிவிட்டால் போதும், ஒரு குடும்பம் பிழைத்துக்கொள்ளும்.

அத்தோடு விட்டிருக்கலாம். ஆனால் அடைப்பு என்றால் எது அடைத்தது என்று பார்க்காமல் அவனுக்குக் கை நிற்காது. ரேடியேட்டரைக் கழற்றி, ஷெட்டுக்குப் பின்பக்கம் கொண்டுபோய்த் தலைகீழாகக் கவிழ்த்து, அடிக்குழாய் வழியாகத் தண்ணீரை ஊற்றி, வாய் வைத்து ஊதினான். முதலில் துரு வந்தது. பிறகு கொஞ்ச நேரம் ஒன்றுமே வரவில்லை. இரும்புக் கம்பியை விட்டுக் குத்தி மறுபடி ஊதியபோது சேறு போலக் கெட்டியாக ஒன்று பிதுங்கிக்கொண்டு வந்து அவன் உள்ளங்கையில் விழுந்தது. மஞ்சள். விரலால் நசுக்கி முகர்ந்தான். வெந்து வெந்து மணம் போயிருந்தாலும் அது என்னவென்று தெரியாதவன் இந்த ஊரில் உண்டா?

அப்போதுதான் அவனுக்கு நினைவு வந்தது.

போன ஆடி மாசம். வேறொரு லாரியின் அடியில் படுத்திருந்தான். லோகநாதனின் கால்கள் மட்டும் வந்து நின்றன. ரேடியேட்டர் சொட்டுகிறது, பற்றவைத்துத் தா என்றான். பற்றவைப்பதென்றால் கழற்ற வேண்டும், இரண்டு நாள் பிடிக்கும். அன்றைக்கு இவனுக்குக் கையொழியவில்லை. "கொஞ்சம் மஞ்சத்தூள் போட்டுகினு ஓட்டு, அடைச்சுக்கும். அப்பாலே வா," என்று படுத்தபடியே சொன்னான். டிரைவர்மார் எல்லோரும் செய்கிற காரியம்தான். எவ்வளவு கொஞ்சம், எத்தனை நாள், எதையும் சொல்லவில்லை. கால்கள் திரும்பிப் போயின. அவனும் மறந்துவிட்டான்.

லோகநாதன் பின்பக்கம் வந்து நின்றான்.

"எவ்ளோ போட்டே?" என்று கேட்டான் நீலமேகம்.

"ஒரு கைப்பிடி."

"ஒரு வாட்டிதானே?"

"தெனமும். நீ சொன்னது நல்லாக் கேட்டுச்சு அண்ணாத்தே, மறுநாளே ஒழுகறது நின்னுச்சு. நிறுத்தினா மறுக்கா ஒழுகுமேன்னு..." அவன் பேச்சு மெதுவாகத் தேய்ந்தது. கண் தரையில் கிடந்த மஞ்சள் சேற்றின் மேல் நின்றது. "அவதான் இடிச்சுக் குடுப்பா. கடைத்தூள்ல கலப்படம் பண்றானுங்கன்னு, அவளே வெரலி மஞ்ச வாங்கியாந்து காயவெச்சு இடிப்பா. காலீல சாப்பாட்டு டப்பாவோட துணியில முடிஞ்சு குடுப்பா. வண்டி நம்மளுக்குச் சோறு போடுதுன்னு சொல்லுவா."

அன்றைக்குக் காலையிலும், பிள்ளை வாந்தி எடுத்துக்கொண்டிருந்தபோதும், அவள் அந்த முடிச்சை மறக்காமல் கொடுத்திருப்பாள் என்று நீலமேகம் நினைத்தான். கேட்க அவனுக்குத் தைரியம் வரவில்லை.

லோகநாதன் குந்தி உட்கார்ந்தான். பேசியபோது குரலில் அழுகை இல்லை.

"அண்ணாத்தே, தண்ணி இல்லன்னே சொல்லிடு."

"இன்னாடா சொல்றே?"

"நான் ஊத்தலன்னு சொல்லிடு. எம்மேலயே இருக்கட்டும். அவ புழலுக்குப் போனாலும் போவட்டும். இது தெரிஞ்சா அவ உசுரோட இருக்க மாட்டா."

நீ சொன்னதால்தானே என்று ஒரு வார்த்தை லோகநாதன் சொல்லியிருந்தால்கூட நீலமேகம் தாங்கியிருப்பான். அவன் சொல்லவில்லை, அவனுக்கு அது தோன்றியதாகவே தெரியவில்லை.

நீலமேகம் ஷெட்டுக்குள் நுழைந்து முன்பக்கமாக வெளியே வந்தான். என்ன சொல்வது என்று நடக்கும்போதே தேடினான். வண்டி உப்பு வண்டி. உப்புக்காற்றும் உப்புத்தண்ணியும் ரேடியேட்டரை அரித்து அடைத்துவிட்டது என்றால் யார்தான் இல்லையென்பார்கள்? தண்ணீர் ஊற்றியவன் மேல் பழியில்லை, மஞ்சள் இடித்தவள் மேலும் பழியில்லை. அந்த வரிசையில் தானும் தப்பிக்கிறோம் என்பது அவனுக்குத் தெரியாமலில்லை. தெரிந்துதான் நடந்தான். தெருவோரக் குழாயடியில் எப்போதும் போலக் கைகழுவக் குனிந்து, கல்லின் மேல் கிடந்த துணிசோப்பை எடுத்துத் தேய்த்தான்.

பட்டம்மாள் எழுந்து தெருவைத் தாண்டி வந்து குழாய்க்கு அந்தப்பக்கம் நின்றாள்.

"தண்ணி இருந்துச்சாண்ணே?"

"இருந்துச்சும்மா. நெறைய இருந்துச்சு. அவன் மேல தப்பே இல்ல."

அவள் முகத்தில் ஏதோ இளகியது. மூட்டையைப் பிடித்திருந்த கை தளர்ந்தது.

"அப்ப ஏன் கொதிச்சிச்சு?"

"அடைப்பும்மா. உப்பு. உப்பு அடைச்சிகினு கீது. தெனம் உப்புல போற வண்டி பாரு..."

அவள் அவன் முகத்தைப் பார்க்கவில்லை என்பதை அப்போதுதான் கவனித்தான். அவள் பார்த்த இடத்தை அவனும் பார்த்தான். ஒட்டியிருந்த மஞ்சளில் சோப்பு பட்டு, கைகள் இரண்டும் மணிக்கட்டு வரைக்கும் சிவந்திருந்தன. விரலிடுக்கில் சிவப்பு நுரை. கீழே கல்லில் வழிந்த தண்ணீரும், வாசலில் சுற்றிக் கொட்டிய ஆரத்தி போலச் சிவந்து சாக்கடைக்கு ஓடியது. அவன் கைகளைத் தண்ணீருக்கடியில் வைத்துத் தேய்த்தான். தேய்க்கத் தேய்க்கச் சிவந்தது.

ஷெட் வாசலில் லோகநாதன் வந்து நின்றிருந்தான்.

பட்டம்மாள் மூட்டையைக் கீழே ஈரத்திலேயே வைத்தாள். கையை நீட்டினாள். சோப்பைத்தான் கேட்கிறாள் என்று புரிய நீலமேகத்துக்குக் கொஞ்ச நேரம் பிடித்தது. கொடுத்தான். குழாயடியில் குந்தி உட்கார்ந்து, உள்ளங்கை, புறங்கை, விரலிடுக்கு, நகக்கண் என்று ஒவ்வொன்றாகத் தேய்த்துவிட்டு, கைகளைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

பதினாறு நாளாக மஞ்சளைத் தொடாத கைகள். நுரை வெள்ளையாகத்தான் இருந்தது. அவள் மறுபடியும் சோப்பை எடுத்தாள்.