மீட்காவில் புறப்படும் வண்டி

உப்பளத்து ஆட்களை ஏற்றி இறக்க ஒரு மேடையும் ஓட்டுக் கூரையுமாகத் தொடங்கியதுதான் மீட்காவ் ஸ்டேஷன். அப்புறம் அடுக்குமாடிகள் முளைத்தன, மேடைகள் நான்காயின. நகரத்துக்குப் போகும் வண்டிகள் மட்டும் கோடியிலிருக்கும் விராரிலிருந்தே கூட்டம் பிதுங்கிக்கொண்டு வந்தன. ஊரே மனுக் கொடுத்து, தண்டவாளத்தில் உட்கார்ந்து, கடைசியில் தனக்கென்று ஒரு லோக்கல் ரயிலை வாங்கிவிட்டது. இன்று முதல் காலையில் நகரத்து முனையான சர்ச்கேட்டுக்கு இங்கிருந்தே புறப்படும் ஒரு வண்டி.

சுபாங்கிக்கு இருப்புக்கொள்ளவில்லை. ஏழு மாத வயிறு. நின்றுகொண்டு போகக் கூடாதென்று டாக்டர் சொன்னதைப் பிடித்துக்கொண்டு, இந்த வண்டியிலும் இடம் கிடைக்காவிட்டால் வேலையை விட்டுவிடு என்று கணவன் நிலேஷ் கறாராகச் சொல்லிவிட்டான். பிரசவ விடுப்புக்கு இன்னும் ஒரு மாதம்தான் பாக்கி. அதற்குள் வேலையை விடுவதாம்!

மேடையில் தேங்காய் உடைத்தார்கள். பெண்கள் பெட்டி நிற்கும் இடத்தில் முதல் ஆளாய்க் கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள் சுபாங்கி. வண்டி வந்தது. ஜன்னலுக்கு ஜன்னல் தலைகள்.

சர்ச்கேட் போகும் திசையில் அடுத்த ஸ்டேஷன் தாராவ்லி. அந்த ஊர்ப் பெண்கள் இடம் பிடிப்பதற்காகவே, வண்டி மீட்காவுக்கு வரும்போதே எதிர்த்திசையில் ஏறி வந்து, இறங்காமல் அப்படியே உட்கார்ந்திருந்தார்கள். சுபாங்கிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. நான்கு வருஷம் விரார் வரை போய்த் தானும் இதே வேலையைச் செய்தவள் என்பது அப்போது நினைவுக்கு வரவேயில்லை.

ஜன்னலோரம் முழங்காலைத் தேய்த்துக்கொண்டிருந்த, சித்தி வயதுப் பெண்ணிடம் போனாள்.

“இது எங்க ஊரு வண்டி, மாவ்ஷி.”

“ஊரு உங்களுது. சீட்டு உக்காந்தவளுது. உன் வயிறு எல்லாருக்கும் தெரியுது, என் முட்டி வலி யாருக்குத் தெரியுது?”

மற்றவர்கள் அவள் வயிற்றைப் பார்த்ததும் வெளியே பார்க்க ஆரம்பித்தார்கள். எங்கே இறங்குவீர்கள் என்று ஒவ்வொருத்தியாகக் கேட்டுப் பார்த்தாள். காலியாகப் போகும் இடங்களுக்கும் ஏற்கெனவே ஆள் சொல்லி வைத்திருந்தது. வண்டி கிளம்பிவிட்டது.

போன் அடித்தது. இடம் கிடைத்ததா என்று நிலேஷ் கேட்டது பக்கத்தில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது.

“கிடைச்சுது,” என்றாள், மேலே கைப்பிடியை இறுக்கிக்கொண்டு. “ஜன்னலோரம். நல்லா காத்து வருது.”

போனை வைத்தபோது மாவ்ஷி எழுந்து நின்றிருந்தாள்.

“உக்காரு. வயித்துல புள்ளைய வெச்சுக்கிட்டு பொய் சொல்லாத. நாளைக்கு எங்கிட்ட வராத, சொல்லிட்டேன்.”

சுபாங்கி உட்கார்ந்தாள். மாவ்ஷி ஒற்றைக் காலில் பாரத்தைப் போட்டு, மறு காலை லேசாகத் தூக்கியபடி நின்றாள். சர்ச்கேட் வரை சுபாங்கியால் முதுகைச் சாய்க்க முடியவில்லை.