முருகைக் கல் மண்

கந்தப்பன் ஹல்துமுல்லைக்கு மேலே உள்ள தோட்டமொன்றில் தேயிலைக் கன்று வளர்க்கும் தவறணைக்குப் பொறுப்பாக இருந்தான். இருபத்திரண்டு வருட வேலை. கன்று வாடினால் தொட்டுப் பார்க்காமலே காரணம் சொல்வான் என்று பெயர். அந்தப் பெயரை நம்பித்தான் லதுஷா மிஸ் ஆறு சட்டிகளை அவனிடம் விட்டுப் போயிருந்தாள்.

லதுஷா யாழ்ப்பாணத்துப் பெண். பதுளையில் தாவரவியல் விரிவுரையாளர். மன்னார்க் கடலில் முழுக்க முருகைக் கல்லாலேயே, அதாவது பவளப் பாறையாலேயே, ஆன ஒரு சின்னத் தீவில், பாறை இடுக்கில், அவள் ஒரு செடியைக் கண்டாள். உள்ளங்கை உயரம், தடித்த இலை, நகக்கண் அளவு வெள்ளைப் பூ. மூன்று வருடம் ஒப்பிட்டுப் பார்த்து, உலகத்தில் வேறெங்கும் இல்லாத புது இனம் என்று போன ஆவணியில்தான் பெயர் வைத்து வெளியிட்டாள். விதை போட்டு வளர்த்த ஆறு செடிகளுக்கும் பதுளை வாடகை வீட்டில் வெயில் போதவில்லை. தெற்குப் பார்த்த தவறணையில் நன்றாக வெயில் விழும் என்று இங்கே கொண்டுவந்தாள். சட்டிக்குள் தீவின் மணலும் முருகைக் கல் துண்டுகளும்தான்.

"காய விட்டாலும் பரவாயில்லை அண்ணை. தண்ணியை மட்டும் கூட்டிப் போடாதேங்கோ" என்று சொல்லிவிட்டுப் போனாள்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. பத்து நாள் மூட்டம் விலகவில்லை. ஒரு காலை, மூன்று செடிகள் தலை தொங்கி நின்றன. தொங்கிய இலை தண்ணீருக்குத்தான் ஏங்குகிறது என்று அவன் கை நினைத்தது. ஊற்றினான். மறுநாளும் ஊற்றினான். நான்காம் நாள் ஒன்றைப் பிடித்து இழுத்தபோது அது வேரில்லாமல் கையோடு வந்தது. அடியில் கறுப்பாக அழுகிக் கிடந்தது. அந்த வாரத்துக்குள் நான்கு போய்விட்டன.

அவன் யாரிடமும் சொல்லவில்லை. நான்கு சட்டிகளையும் தேயிலைப் பைகளுக்கு நிரப்பும் மண் குவியலில் கவிழ்த்தான். கழுவி, மற்ற சட்டிகளுக்குள் அடுக்கிவிட்டான். அடுத்த முறை மிஸ் வரும்போது சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தான்.

ஆனால் வியாழக்கிழமை மாலை அவளே அழைத்தாள்.

"அண்ணை, புயலுக்குக் கடல் தீவுக்கு மேலாலை ஏறிப் போட்டுது. நாலு நாள் உப்புத் தண்ணி நிண்டிருக்கு. நேற்று மீன்பிடிக்கிற ஆக்களோடை போய்ப் பாத்தனாங்கள். ஒரு செடியும் இல்லை. எங்கட ஆறும்தான் மிச்சம். எப்பிடி இருக்குது?"

"இருக்குங்க மிஸ்" என்றான் கந்தப்பன். "நல்லா இருக்குங்க."

அவள் பெருமூச்சு விட்டது அவன் காதில் விழுந்தது. சனிக்கிழமை வருவதாகச் சொல்லி வைத்தாள்.

அன்று அவனுக்குச் சோறு இறங்கவில்லை. மனைவி தெய்வானை என்னவென்று கேட்டாள். சொன்னான்.

"ரெண்டு இருக்குல்ல?"

"அதுல ஒண்ணு நாளைக்கு நிக்குமான்னு தெரியல."

"அப்ப சனிக்கிழமை நீ என்னத்தைக் காட்டப் போற?" என்று அவள் கேட்டாள்.

விடிந்ததும், கொழுந்து பறிக்கப் போகிறவர்கள் தாண்டிப் போகும்வரை காத்திருந்துவிட்டு லதுஷாவை அழைத்தான். "பொய் சொல்லிட்டேங்க மிஸ். நாலு செத்துப் போச்சுங்க. தண்ணி ஊத்தினது நாந்தான்."

இணைப்பு அறுந்துவிட்டதோ என்று கைப்பேசியைக் காதிலிருந்து எடுத்துப் பார்த்தான்.

"அந்தச் சட்டி மண் எங்கை?" என்றாள் கடைசியில்.

"கொட்டிட்டேங்க."

"புரட்டாசியிலை எல்லாம் காய்ச்சு வெடிச்சது அண்ணை. விதை முழுக்க அந்த மண்ணுக்கைதான் கிடக்குது. எங்கை கொட்டினனீங்கள்?"

கந்தப்பன் கைப்பேசியைப் பிடித்தபடியே தவறணைக்கு ஓடினான். குவியல் இருந்த இடம் துப்புரவாக இருந்தது. கூட வேலை செய்யும் மாடசாமி அங்கே நின்றான். "நேத்தே அள்ளிப் பையில போட்டாச்சே அண்ணே" என்று கையைக் காட்டினான். கறுப்புப் பொலித்தீன் பைகள் வரிசை வரிசையாக நின்றன. ஆயிரத்து எண்ணூறு. ஒவ்வொன்றிலும் வேர்விட நட்ட ஒரு தேயிலைத் தண்டுத் துண்டு.

லதுஷா சனிக்கிழமைவரை காத்திராமல் அன்றே பத்தரை பஸ்ஸில் வந்திறங்கினாள். அவள் திட்டுவாள் என்று எதிர்பார்த்து நின்றான். அவள் பையிலிருந்து சல்லடையை எடுத்தாள். "முருகைக் கல் வெள்ளையா இருக்கும். இந்த மண் சிவப்பு. வெள்ளை தெரியிற பையை மட்டும் பிரியுங்கோ" என்றாள்.

மூவரும் குந்தியபடி வரிசையாக நகர்ந்தார்கள். ஈர மண் விரலில் ஒட்டியது. வெள்ளையாகத் தெரிந்ததெல்லாம் முதலில் உரக் குருணையாகவே இருந்தது. முந்நூறு பை தாண்டியும் ஒன்றும் அகப்படவில்லை. ஐந்தாம் வரிசையில் மாடசாமி "இந்தாங்க" என்றான். சோற்றுப் பருக்கை அளவில் ஒரு துண்டு. அதற்குப் பிறகு பக்கத்துப் பைகளில் ஒவ்வொன்றாகத் தட்டுப்பட்டன. பின்னேரம் வரை பிரித்து, இரண்டு தட்டு மண் சேர்த்தார்கள். அதில் விதை இருக்கிறதா என்று கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. கடுகைவிடச் சின்னது.

"இந்தக் குளிருக்கை வைச்சிருந்தா இதுவும் அழுகிப்போம்" என்றாள் லதுஷா.

"மொனராகலையில என் தங்கச்சி இருக்காங்க மிஸ். ரப்பர் காட்டுக்கு வெளிய, வெட்ட வெளி. மழை விட்டா வெயில் பொளக்கும்."

அவள் தலையசைத்தாள்.

மறுநாள் காலை பஸ்ஸில் இரண்டு தட்டுகளையும் மடியில் வைத்துக்கொண்டு கந்தப்பன் மொனராகலைக்கு மலையிறங்கிப் போனான். மிஞ்சிய இரண்டு செடிகளும் பக்கத்து இருக்கையில் லதுஷாவின் கையில் இருந்தன. வளைவுக்கு வளைவு மண் சரிந்த இடங்களில் பஸ் நின்று நின்று போனது. வழி நெடுக அவள் பேசியது ஒன்றே ஒன்று: "ஏன் அண்ணை முதலாவது செத்த அண்டைக்கே சொல்லேல்லை?"

"பேரு கெட்டுடும்னு பயந்துட்டேங்க."



அந்த வாரமே ஒரு செடி போய்விட்டது. மற்றது இலையை உதிர்த்துவிட்டுக் குச்சியாக நின்றது. ஞாயிறுதோறும் கந்தப்பன் பஸ் ஏறி மொனராகலைக்குப் போனான். தட்டுகளில் முதலில் வந்ததெல்லாம் புல். நான்காவது ஞாயிறு, புல்லில்லாத ஒரு முளை தெரிந்தது. கொஞ்சம் தள்ளி இன்னொன்று. படம் எடுத்து அனுப்பினான்.

லதுஷா உடனே அழைத்தாள். "அதுதான். ரெண்டும் அதுதான் அண்ணை." சொல்லிவிட்டு அழுதாள்.

"மண்ணு காஞ்சு கிடக்குங்க மிஸ். ஒரு சொட்டு ஊத்தட்டுமாங்க?"

"காயட்டும். நாளைக்கு நான் வாறன். அதுவரைக்கும் அதைத் தொடாதேங்கோ."

கந்தப்பன் பக்கத்தில் வைத்திருந்த தண்ணீர்ச் செம்பை எடுத்துக்கொண்டுபோய் அடுப்படியில் வைத்தான். திரும்பி வந்து, தட்டுக்குத் தன் நிழல் விழாத பக்கமாகக் குந்திக்கொண்டான்.