சஜு வீட்டுக் கல்யாணத்துக்கு விறகு இல்லை

கடல் கடந்து வரும் எரிவாயு நின்றுபோன அந்த மழைக்காலத்தில், காரோடு ஊரில் கேஸ் ஏஜென்சி வைத்திருந்த சஜுவைக் கும்பிடாதவர்கள் இல்லை. விலாசினியும் கும்பிட்டாள். அவள் கணவன் செல்லசாமிக்கு ஆஸ்துமா, புகை ஆகாது. அவள் பேருக்கு வந்த சிலிண்டரை அவள் கண்முன்னாலேயே பூவார் ரிசார்ட்டுக்குப் போகும் வண்டியில் ஏற்றினான் சஜு. கெஞ்சியவளிடம், "விறகு வச்சு எரிச்சா சோறு வேகாதாக்கும்?" என்றான்.

எரித்தாள். ஈர ரப்பர் விறகு. சாரலுக்குக் கதவைத் திறந்து வைக்கவும் வழியில்லை. செல்லசாமி மூச்சுக்குத் தவித்து, நெய்யாற்றின்கரை ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியிலேயே போய்ச்சேர்ந்தான். துக்கத்துக்கு வந்தவர்கள் அவளை அழச் சொன்னார்கள். அவளுக்கு அழுகை வரவில்லை.

அவள் அண்ணன் மரம் வெட்டும் குத்தகைக்காரர். அவரிடம் ரப்பர் மரங்களை வாங்கி, கொட்டகை போட்டுக் காயவைத்து விற்கத் தொடங்கினாள். தட்டுப்பாடு முற்றியது. கேஸில் ஓடிய ஆலைகள் விறகுக்கு மாறி லாரி லாரியாய் அள்ளிப் போயின. வீடுகளில் இண்டக்‌ஷன் அடுப்பு வந்தது, கரண்டு இழுபட்டு மின்மாற்றிகள் சூடேறின. ஒன்று குறைந்ததும் மிச்சமிருந்த எல்லாவற்றின்மேலும் ஊர் பாய்ந்தது. கடைசியில் சஜுவின் கிடங்கே காலியானது. காய்ந்த விறகு விலாசினியிடம் மட்டும்தான் இருந்தது.

சிங்கம் எனும் ஆவணி மாசம் சஜுவின் மகள் அமிர்தாவுக்குக் கல்யாணம். முந்தின நாள் காலையில் சஜுவே வந்தான். சமையல்காரன் வட்டைப் பாத்திரங்களோடு காத்திருக்கிறான், ஒரு வண்டி விறகு போதும் என்றான். விலாசினி அவனை உட்காரச் சொல்லவில்லை.

"விறகு உண்டு. ஒனக்கு இல்ல."

"அக்கா, எனக்க பிள்ள என்ன தப்பு செய்தா?"

"எனக்க மாப்பிள்ளை என்ன தப்பு செய்தாரு?"

சஜு வெறுங்கையோடு திரும்பினான்.

மறுநாள் ஊரெல்லாம் இண்டக்‌ஷன் அடுப்புகளை இரவல் வாங்கி வரிசையாய் வைத்தான். சாம்பார் கொதிக்கும் முன்பே மின்மாற்றி வெடித்தது. தாலி கட்டிய கையோடு மாப்பிள்ளை வீட்டார் பசியும் கோபமுமாய் வண்டியேறினார்கள். பந்தலில் எல்லோர் முன்னாலும் சஜு கூனிக் குறுகி நின்றதைப் பக்கத்து வீட்டு ஷிஜா வந்து சொன்னாள். விலாசினி அதை ஒன்றுவிடாமல் இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். பெண்ணும் சாப்பிடாமல்தான் போனாளா என்று கேட்டாள். ஆமாம் என்றாள் ஷிஜா.

 விலாசினி எழுந்து உள்ளே போனாள். கரண்டு போய்க் காற்றாடி சுற்றாத வெக்கையில் உட்கார்ந்து, அவித்த மரச்சீனிக் கிழங்கும் மீன்குழம்புமாய் வயிறு நிறையச் சாப்பிட்டாள்.