ஐந்தாவது கூடை

பட்டறையில் அக்காவுக்கு வேலை, வீசுவது. காலை எட்டு மணிக்கு வந்து, வலது தோளை நாலு சுற்று சுற்றிவிட்டுப் பின்பக்கத் திடலுக்குப் போவாள். முந்தின நாள் வார்த்தெடுத்த டிஸ்க் கோல்ஃப் தட்டுகளை ஒவ்வொன்றாக எடுத்து வீசுவாள். ஒரு நாளைக்கு இருநூறு தட்டு. எது இடப்பக்கம் சாய்கிறது, எது பாதி வழியில் சோர்ந்து விழுகிறது என்று தாளில் குறித்துக்கொள்வாள். எடை இரண்டு கிராம் கூடினாலும் அவள் விரலுக்குத் தெரிந்துவிடும். அச்சு இயந்திரத்தில் நிற்கிறவர் தராசைத் துடைப்பதையே விட்டுவிட்டார்.

டிஸ்க் கோல்ஃப் தெரியாதவர்களுக்கு அவள் ஒரே மூச்சில் சொல்லிவிடுவாள்: "பந்துக்குப் பதிலா தட்டு, குழிக்குப் பதிலா சங்கிலி தொங்குற கூடை. கம்மியான வீச்சுல யார் தட்டைக் கூடையில போடுறாங்களோ அவங்க ஜெயிச்சாங்க. அவ்வளவுதான், வாங்க ஒரு கை போடலாம்."

அதே பட்டறையின் மாடி அறையில் அவள் தங்கை பொறியாளர். அக்காவைவிட ஆறு வயது இளையவள். வெயிலும் ஆகாது, மழையும் ஆகாது. தட்டின் விளிம்பு காற்றை எப்படிக் கிழிக்கிறது என்று மணிக்கணக்கில் கணினியில் பார்ப்பாளே தவிர, ஒரு தட்டைக்கூடக் கையால் வீசியதில்லை. "நீ வீசுறியே, போதாதா?" என்பாள்.

இரண்டு வருடம் தலையைப் பிய்த்துக்கொண்டு அவள் ஒன்றைச் செய்து முடித்திருந்தாள். தானே வழி திருத்திக்கொள்ளும் தட்டு. அதன் விளிம்பில் நகத்தளவு மெல்லிய நான்கு மடல்கள். கூடை அனுப்பும் சமிக்ஞையைப் பிடித்து, அந்த மடல்களைத் திறந்து மூடி, எப்படி வீசினாலும் தட்டு வளைந்து போய்ச் சங்கிலியில் விழும். சொன்ன பேச்சு கேட்கிறது என்பதால் முதலாளி அதற்குச் 'செல்லம்' என்று பெயர் வைத்தார்.

முதல் நாள் அக்கா அதை வேண்டுமென்றே சுவரைப் பார்த்து வீசினாள். அது நடுவானில் திரும்பிப் போய்க் கூடைக்குள் விழுந்தபோது அவளுக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. அச்சு இயந்திரக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினாள். கண்ணை மூடிக்கொண்டு வீசினாள், முதுகைக் காட்டிக்கொண்டு வீசினாள். முதல் வாரம் முழுக்க ஒரே கொண்டாட்டம்.

இரண்டாவது வாரம் கொட்டாவி வந்தது. தாளில் உள்ளே, உள்ளே, உள்ளே என்று இருநூறு தடவை எழுதினாள். மூன்றாவது வாரம் வேலைக்குக் கிளம்பவே காலில் செருப்பு ஏறவில்லை.

"நாள் பூரா ஜெயிச்சுட்டு வர்ற, முகத்துல ஒரு களை இல்லையே" என்றார் அவள் கணவர். அவர் பேருந்து ஓட்டுகிறவர்.

"நான் எங்க ஜெயிச்சேன்? தட்டு ஜெயிக்குது. நான் அதுக்கு வழியனுப்பி வைக்கிறேன்."

"அப்ப அதைத் தங்கச்சிகிட்ட சொல்லிட வேண்டியதுதானே."

சொல்லத்தான் மூன்று தடவை மாடி ஏறினாள். ஒவ்வொரு தடவையும் தங்கை நாற்காலியைச் சுழற்றித் திரும்பி, "எத்தனைக்கு எத்தனைக்கா?" என்று கேட்பாள். அந்த முகத்தைப் பார்த்ததும் அக்கா, "இருநூத்துக்கு இருநூறு" என்று மென்று முழுங்கிவிட்டு இறங்கிவிடுவாள்.

இப்படியே இரண்டு மாதம் ஓடிய பிறகு, நகரத்தின் பூங்கா அதிகாரி பார்க்க வருவதாகச் செய்தி வந்தது. ஆற்றோரமாகப் புதிதாக ஒரு ஆடுகளம் அமைக்கிறார்கள். கூடை, தட்டு எல்லாம் ஒரே இடத்தில் வாங்கப் போகிறார்கள். முதலாளிக்குத் தலைகால் புரியவில்லை. பின்திடலில் இருந்த ஒன்பது கூடைகளுக்கும் தானே நின்று சாயம் அடித்தார்.

"அந்த ஆள் எப்படி வீசினாலும் பரவால்லக்கா. வீசினா போதும், மத்ததைச் செல்லம் பாத்துக்கும்" என்றாள் தங்கை. கையில் டேப்லெட். அதில் ஒவ்வொரு தட்டும் ஒரு பச்சைப் புள்ளி.

அதிகாரி தேய்த்த சட்டையும் புது ஷூவுமாக வந்தார். வாழ்நாளில் தட்டைத் தொட்டதே இல்லை என்றார். அக்கா பையைத் தோளில் மாட்டிக்கொண்டு கூடவே நடந்தாள். ஒவ்வொரு கூடைக்கும் ஒரு தட்டை எடுத்து அவர் கையில் கொடுப்பது அவள் பொறுப்பு.

முதல் வீச்சே உள்ளே. அதிகாரி வாயைப் பிளந்தார். முதலாளி கை தட்டினார். இரண்டாவதும் உள்ளே. அதிகாரி சிரித்தார். மூன்றாவது கூடைக்கு அவர் வீசிவிட்டுத் தட்டு போய்ச் சேருவதற்குள் முதுகைத் திருப்பிக்கொண்டார். நான்காவதில் ஒரு கையால் வீசிக்கொண்டே இன்னொரு கையில் ஃபோனைப் பார்த்தார்.

"ரொம்ப நல்லா இருக்குங்க. இன்னும் எத்தனை கூடை பாக்கி?" என்று கேட்டார்.

நல்லா இருக்கிறது என்று சொல்லுகிற வாயும், எத்தனை பாக்கி என்று கேட்கிற வாயும் ஒன்றாக இருந்தால் என்ன அர்த்தம் என்று அக்காவுக்குத் தெரியும். தங்கையைப் பார்த்தாள். அவள் டேப்லெட்டிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை. அங்கே எல்லாம் பச்சையாகத்தான் இருந்தது.

ஐந்தாவது கூடை சின்னக் குளத்துக்கு அப்பால், இரண்டு மரங்களுக்கு நடுவில். அக்கா பைக்குள் கைவிட்டாள். தட்டின் அடிப்பக்கம் ரப்பர் மூடிக்குக் கீழே அதை அணைக்க ஒரு பொத்தான் உண்டு. யோசித்தாளா இல்லையா என்று அவளுக்கே பிறகு தெரியவில்லை. கட்டைவிரல் அழுத்திவிட்டது. அடுத்திருந்த தட்டுகளையும் வரிசையாக அழுத்தியது. முகம் மாறாமல் தட்டை நீட்டினாள்.

அதிகாரி ஃபோனைப் பார்த்தபடியே வீசினார். தட்டு ஆடிக்கொண்டே போய்க் குளத்தில் தொப்பென்று விழுந்தது.

முதலாளியின் முகத்தில் ஈயாடவில்லை. தங்கை டேப்லெட்டைத் தட்டித் தட்டிப் பார்த்தாள். அதிகாரி மட்டும் ஃபோனைச் சட்டைப்பையில் போட்டுவிட்டுக் குளத்தை உற்றுப் பார்த்தார்.

"இன்னொரு தடவை போடட்டுமா?" என்றார்.

இரண்டாவது தட்டு மரத்தில் மோதியது. மூன்றாவதற்கு முன் அவர் சட்டைக் கையை மடித்துக்கொண்டார். "காலை எப்படி வைக்கணும்?" என்று அக்காவைக் கேட்டார். அவள் காட்டினாள். நான்காவது தட்டு கூடையின் காலடியில் விழுந்தது. ஐந்தாவது தட்டு சங்கிலியில் பட்டுச் சலசலவென்று உள்ளே இறங்கியது. அந்தச் சத்தத்துக்கு மனிதர் துள்ளிய துள்ளலில் புது ஷூ முழுக்கச் சேறு. மிச்ச நான்கு கூடைகளையும் அவர் ஓட்டமும் நடையுமாக ஆடினார். ஒன்பதாவதில் மூன்றே வீச்சு. போகும்போது அக்காவிடம், "அந்த அஞ்சாவதுதாங்க ஆட்டம்" என்றார். முதலாளியிடம் யோசித்துச் சொல்வதாகச் சொன்னார்.

அக்கா மாடிக்குப் போனபோது தங்கை குளத்திலிருந்து எடுத்த தட்டைப் பிளந்து வைத்து, பூதக்கண்ணாடியில் கம்பி கம்பியாகத் தேடிக்கொண்டிருந்தாள். கண் சிவந்திருந்தது.

"எங்க தப்புன்னே தெரியலக்கா. எல்லாம் சரியாத்தான் இருக்கு."

"எல்லாம் சரியாத்தான் இருக்கு. நான்தான் அணைச்சேன்."

தங்கை பூதக்கண்ணாடியை மெதுவாகக் கீழே வைத்தாள்.

"அந்த ஆள் தூங்கி விழாத குறைடி. எனக்கும் ரெண்டு மாசமா அப்படித்தான் இருக்கு. உன்கிட்ட சொல்லணும்னு…"

"சொல்லணும்னு நினைச்சே. ஆனா சொல்லல. எத்தனை தடவை கேட்டேன்? இருநூத்துக்கு இருநூறுன்னு சிரிச்சுட்டுப் போன. அப்புறம் ஊரே பாக்க என் மூக்கை உடைச்சிட்ட."

தங்கை சொன்னதில் ஒரு எழுத்துக்கூடப் பொய் இல்லை.

மூன்று நாள் இருவருக்கும் பேச்சில்லை. சாப்பாட்டு நேரத்தில் தங்கை மாடியிலேயே இருந்துகொண்டாள். முதலாளியிடம் அக்கா தானே போய் நடந்ததைச் சொன்னாள். அவர் கொஞ்ச நேரம் கத்தினார், பிறகு தண்ணீர் குடித்தார், பிறகு, "நீங்க ரெண்டு பேரும் வீட்டுலயே சண்டை போட்டு முடிச்சிருந்தா எனக்குச் சாயச் செலவாவது மிஞ்சியிருக்கும்" என்றார்.

ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணிக்கு ஃபோன். "பின்திடலுக்கு வா" என்று மட்டும் சொல்லிவிட்டுத் தங்கை வைத்துவிட்டாள்.

அக்கா அரக்கப்பரக்கப் போனாள். தங்கை ஐந்தாவது கூடைக்கு எதிரே நின்றிருந்தாள். முடி கலைந்து, முழங்கால் வரை ஈரம். கையில் இருந்தது செல்லம் இல்லை, சாதாரணத் தட்டு. ஆள்காட்டி விரலில் கொப்புளம்.

"நாப்பத்தி ரெண்டு தடவை வீசினேன். ஒண்ணு உள்ள போச்சு."

"அந்தத் தூரத்துக்கு முதல் நாள்ல ஒண்ணு போனாலே பெருசு."

"ஆமா, பெருசுதான்" என்றாள் தங்கை. சிரிப்பை அடக்கப் பார்த்து முடியாமல் போனது. "யாருமே பாக்கலையேன்னு அழுகை வந்துடுச்சு. அதான் ஃபோன் பண்ணேன்."

அக்கா அவள் விரலைப் பிடித்துப் பார்த்தாள். "என்னை மன்னிச்சுடுடி. நேர்ல சொல்லத் தைரியம் இல்லாம முதுகுக்குப் பின்னால செஞ்சுட்டேன்."

"செஞ்சது தப்புதான். ஆனா நீயும் ஒண்ணைக் கேட்டுக்கோ. செல்லத்தை நான் தூக்கிப் போடப் போறதில்ல. உனக்குக் கை நல்லா இருக்கு, அதனால சலிச்சுப் போகுது. கை நடுங்குறவங்க இருக்காங்க. தோள் தூக்க முடியாதவங்க இருக்காங்க. அவங்களுக்கு எவ்வளவு உதவி வேணும்னு அவங்களே திருகி வச்சுக்கிற மாதிரி ஒரு குமிழ் வைக்கப் போறேன்."

அக்காவுக்கு இது தோன்றியதே இல்லை. "சரிதான்" என்றாள். "மத்தவங்களுக்கு?"

தங்கை ஈரப் புல்லிலேயே உட்கார்ந்து காகிதத்தை விரித்தாள். தட்டுக்கு வைத்த மூளையைக் கூடைக்கு வைத்திருந்தாள். கூடைக்குக் கீழே சக்கரம். தினமும் விடிகிற நேரத்தில் கூடை தானாக நகர்ந்து, தன் எல்லைக்குள் புது இடத்தில் போய் நிற்கும். இன்றைக்கு மேட்டில், நாளைக்கு மரத்துக்குப் பின்னால். சாதாரணத் தட்டில் ஒரே ஒரு சில்லு. புதருக்குள் விழுந்தால் விசிலடித்துக் கூப்பிடும். வழி காட்டாது.

"தினம் ஒரு புது ஆட்டம்" என்றாள் அக்கா.

"நேத்து ஜெயிச்சவங்க இன்னிக்கும் ஜெயிப்பாங்கன்னு சொல்ல முடியாது. நீயும் சேர்த்துத்தான்."

மாதிரிக்கு ஒரு கூடை செய்து முடித்ததும், அதிகாரி இந்தத் தடவை பழைய ஷூ போட்டுக்கொண்டு வந்தார். காகிதத்தை முழுதாகப் பார்க்கக்கூட இல்லை, கூடை நகர்வதைப் பார்த்ததுமே சரி என்றுவிட்டார். ஆற்றோர ஆடுகளம் ஏழு மாதத்தில் தயாரானது. நடுவில் ஒரு கூடை எல்லை தாண்டி உருண்டு நடைபாதையில் போய் நின்றதும், நாயைக் கூட்டிக்கொண்டு நடந்த ஒருவர் அதற்கு வழிவிட்டு ஒதுங்கியதும் தனிக் கதை.

திறந்த அன்று முதல் ஆட்டம் அக்காவுக்கும் அதிகாரிக்கும். மூன்றாவது கூடை இரவோடு இரவாக ஒரு பள்ளத்துக்குள் இறங்கி நின்றுகொண்டிருந்தது. பதினைந்து வருடம் வீசிய கை, ஆறு வீச்சு எடுத்தது. அதிகாரிக்கு எப்படியோ நான்கில் முடிந்தது. தங்கை மேட்டில் நின்று குறித்துக்கொண்டாள். அவள் பக்கத்தில் பேருந்து ஓட்டுநர் தன் மனைவி தோற்பதைக் கொஞ்சமும் மறைக்காமல் ரசித்துக்கொண்டிருந்தார்.

கடைசியில் அதிகாரி ஒரு வீச்சு வித்தியாசத்தில் முந்திவிட்டார்.

அக்கா பையைக் கீழே வைக்கவில்லை. தோளை ஒரு சுற்று சுற்றினாள்.

"என்ன அவசரம், உக்காருங்களேன்" என்றார் அதிகாரி, மூச்சு வாங்க.

"உக்காரலாம் உக்காரலாம். முதல்ல இன்னொரு சுத்து வாங்க" என்று அவள் முதல் கூடையைப் பார்த்து நடக்கத் தொடங்கினாள்.