நாலு கிலோ முழுங்கி

முள் நடுங்குகிறது, நாற்பத்தைந்தைத் தாண்டிவிட்டது, நாற்பத்தாறைத் தொட்டுத் தொட்டுப் பின்வாங்குகிறது, நான் மூச்சை முழுக்க வெளியே விட்டுவிட்டு நிற்கிறேன், நெஞ்சுக்குள் இருக்கும் காற்றுக்கும் எடை உண்டு என்று ஞானதுரை சார் சொல்லியிருக்கிறார், காதுத்தோட்டைக் கழற்றியாயிற்று, ரிப்பனை அவிழ்த்து என் அறைத்தோழி சுடலைவடிவு கையில் கொடுத்தாயிற்று, சனிக்கிழமை காலை ஆறு மணி, எடை மிஷின் இருக்கும் கல்லூரி மைதானத்து ஓர அறை, இல்லை, அந்த அறையை இடித்தே பல வருஷம் ஆகிறது, எனக்கு இப்போது நாற்பத்தெட்டு வயது, ஆனாலும் லிஃப்டுக்குள் ஏறினால் கால் பெருவிரல்கள் தானாகச் சுருங்கிக்கொள்கின்றன, முள் எங்கே என்று கண் தரையில் தேடுகிறது, பக்கத்தில் நிற்பவர்கள் எதையோ தொலைத்துவிட்டேன் என்று அவர்களும் குனிந்து தேடுகிறார்கள்.

ஞானதுரை சார்தான் எங்களுக்கு ஓட்டப் பயிற்சி கொடுத்தவர், தொண்ணூற்றாறு கிலோ, விசில் ஊதினால் வயிறு முதலில் குலுங்கும், சத்தம் பிறகுதான் வரும், அவருக்கு ஒரு கணக்கு இருந்தது, ஒரு கிலோ குறைந்தால் ஒரு சுற்றுக்கு ஒரு விநாடி மிச்சம், ஐயாயிரம் மீட்டருக்குப் பன்னிரண்டரைச் சுற்று, ஆக மொத்தம் பன்னிரண்டரை விநாடி, சுடலைவடிவு அந்தக் கணக்கை நோட்டில் எழுதிப் பார்த்துவிட்டு, அப்போ இருக்கிற எடை அம்புட்டையும் குறைச்சிட்டா நீ ஓடவே வேண்டாம்ட்டி, ஒம் பேரு மட்டும் ஓடிட்டு வந்திரும் என்றாள், நான் சிரிக்கவில்லை, சிரித்தால் பசிக்கும். ஏதோ ஒரு நாட்டு வீராங்கனை நாற்பத்தாறு கிலோ என்று செய்தித்தாளில் போட்டிருந்ததாம், அந்தத் துண்டை வெட்டிச் சுவரில் ஒட்டி, நாற்பத்தாறுக்கு மேலே முள் போனால் மாநிலப் போட்டிக்குப் பெயர் கிடையாது என்று சொல்லிவிட்டார், அவள் என்ன உயரம் என்று செய்தியில் இல்லை, சாரும் கேட்கவில்லை, நான் வகுப்பில் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தாலும் முன் பெஞ்சில் உட்கார்ந்த மாதிரி தெரியும் அளவுக்கு வளர்த்தி. அந்தப் போட்டி எனக்கு வேண்டும், வேறெதுவும் அவ்வளவு வேண்டியிருக்கவில்லை, முதல் மூன்று பேருக்குள் வந்தால் தேசியப் போட்டி, அதனால் நான்கு இட்லியை இரண்டாக்கினேன், இரண்டை ஒன்றாக்கினேன், ஒன்றையும் பிய்த்துப் பிய்த்துத் தட்டு முழுக்கப் பரப்பி நிறைய இருப்பதாக என்னையே ஏமாற்றிக்கொண்டேன், அப்படியும் நாற்பத்தேழரைக்குக் கீழே முள் இறங்க மாட்டேன் என்கிறது, ஒன்பதாவது சுற்றில் மைதானம் கறுத்துக்கொண்டு வருகிறது, நேரம் வாரத்துக்கு வாரம் கூடுகிறது, இன்னும் குறைக்கணும் என்கிறார் சார். நாலு மாதமாக மாதவிடாய் நின்றுபோயிருந்தது, தொல்லை விட்டது என்று வெளியே சொல்லிக்கொண்டேன், உள்ளுக்குள் பயமாக இருந்தது, உண்மையிலேயே பயமாக இருந்தது, விடுதிச் சமையல்கார ரூத்தக்காவிடம் மட்டும் ஒருநாள் சொன்னேன், அக்கா கரண்டியைச் சட்டியில் ஓங்கி ஒரு தட்டுத் தட்டினாள்.

அந்த வாரமே எடை மிஷின் உடைந்தது, அதில் ரூத்தக்காவுக்குப் பங்கில்லை, எப்படி ஏறி நிற்க வேண்டும் என்று எங்களுக்குச் செய்து காட்டப்போன சாரே ஏறி உடைத்தார், அன்று சாயங்காலமே ரூத்தக்கா தன் வீட்டுக்காரரின் பழைய பேப்பர் கடையிலிருந்து ஒரு மிஷினை ஆட்டோவில் கொண்டுவந்து இறக்கினாள், புது மிஷின் வர்ற வரைக்கும் இது கெடக்கட்டும் சார் என்றாள், பழுப்பேறிய காகித வாசனை, கடிகாரம் போல வட்ட முகம், சார்தான் முதலில் ஏறினார், எண்பத்தெட்டு, இறங்கிச் செருப்பைக் கழற்றிவிட்டு மறுபடி ஏறினார், எண்பத்தெட்டேதான், சாயங்கால டீயை நிறுத்தினதுக்கு இவ்வளவு பலனா என்று கண் கலங்கிவிட்டார், அன்றோடு அந்த மிஷினைச் சந்தேகிக்க உலகத்தில் யாருக்கும் உரிமை இல்லாமல் போயிற்று, தினமும் தன் கைக்குட்டையாலேயே துடைத்து வைப்பார். எனக்கு நாற்பத்திநாலு காட்டியது. ரெண்டு கிலோ கையிருப்பு இருக்கு, ஆனா ஜாக்கிரதை என்றார் சார், எனக்கு அந்த இரண்டு கிலோ போதும், இட்லி நாலானது, ஆறானது, ரூத்தக்கா முட்டையைச் சோற்றுக்கு அடியில் புதைத்துக் கொடுத்தாள், ஒன்பதாவது சுற்று வெளிச்சமாக வந்தது, நின்றுபோனது திரும்பி வந்தது, அன்றைக்குக் குளியலறையில் தனியாக அழுதேன், சந்தோஷத்தில்தான், கிளம்புவதற்கு முந்தின சனிக்கிழமை முள் நடுங்கி நடுங்கிச் சரியாக நாற்பத்தாறில் நின்றது, நேரமும் நாற்பது விநாடி குறைந்திருந்தது, பாத்தியா, நாப்பத்தாறுதான் உனக்கு வாய்ச்ச எடை என்று சார் நோட்டில் எழுதிச் சிவப்பு மையால் அடிக்கோடு போட்டார்.

மாநிலப் போட்டிக்காகத் திருச்சி ஜங்ஷனில் இறங்கினோம், சார் மூட்டைகளை எண்ணிக்கொண்டிருந்தார், பிளாட்பாரத்தில் கலர் பல்பு சுற்றும் எடை மிஷின், ஒரு ஆசையில் ஏறிக் காசு போட்டேன், அட்டை வந்து விழுந்தது, ஐம்பது கிலோ, பின்பக்கம் எதிர்பாராத வரவு உண்டு என்று அச்சடித்திருந்தது. ஒரு ராத்திரியில் நாலு கிலோ, ரயிலில் தின்றது இரண்டு புளியோதரைப் பொட்டலம், அது எப்படி நாலு கிலோ ஆகும் என்று யோசித்துக்கொண்டிருக்கும்போதே சார் என் பக்கம் வருகிறார், அட்டையை எங்கே ஒளிப்பது என்று தெரியாமல் வாய்க்குள் போட்டுவிட்டேன், என்ன மெல்லுத என்றார், ஒண்ணுமில்ல சார் என்று விழுங்கினேன், விழுங்கிய பிறகுதான் அட்டைக்கும் எடை உண்டே என்று தோன்றியது. எங்களைத் தங்கவைத்த பள்ளிக்கூட வராந்தாவில் ரூத்தக்கா உப்புமா கிண்டிக்கொண்டிருந்தாள், சமைத்துப்போட அவளையும் கூட்டி வந்திருந்தோம், பக்கத்தில் உட்கார்ந்து விக்கி விக்கி அழுதேன், என்னால ஓட முடியாதுக்கா, அம்பது ஆயிட்டேன். அக்கா கரண்டியை நிறுத்தவே இல்லை. ஏட்டி, அது எங்க வீட்டுக்காரரு கடைத் தராசு, பழைய பேப்பர் எடுக்கிறவன் தராசு கூட்டியா காட்டும், ஒன்ன மாதிரி ஆளு ஏறுனா நாலு கிலோ முழுங்கும், குண்டு ஆளுன்னா எட்டு, ஊருக்கே தெரியும், ஒங்க சாருக்குத்தான் தெரியாது. நீ இத்தனை நாளும் அம்பதுலதான் ஓடுன, போயி ஓடு.

ஓடினேன், ஒவ்வொரு சுற்றிலும் ஐம்பது ஐம்பது என்று சொல்லிக்கொண்டே ஓடினேன், ஐம்பதும் என்னுடையது, தொடை என்னுடையது, முட்டை என்னுடையது, வயிற்றுக்குள் கிடக்கும் அந்த அட்டைகூட என்னுடையது, ஒன்பதாவது சுற்று எப்போது வந்தது எப்போது போனது என்று தெரியவில்லை, இப்போதும் தூக்கத்தில் ஓடும்போது அதுதான் வருகிறது, முன்னால் ஒரே ஒருத்தியின் பின்னல் ஆடிக்கொண்டிருக்கிறது, இரண்டாவதாக வந்தேன். சார் எல்லாரிடமும் நாற்பத்தாறின் மகிமையைச் சொன்னார், மறுநாள் ரயிலுக்குக் காத்திருக்கையில், நேஷனலுக்கு நாப்பத்திநாலு ஆக்கிருவோம் என்றார். எனக்கு அதுவரை சாரிடம் எதிர்த்துப் பேசிப் பழக்கமில்லை. நான் அம்பது சார் என்றேன். அவர் சிரித்தார், அந்தக் கலர் பல்பு மிஷினுக்கு அவரை இழுத்துக்கொண்டு போனேன், ஏறினேன், அட்டையைக் கையில் கொடுத்தேன், இந்தத் தடவை விழுங்கவில்லை. வெகுநேரம் பார்த்தார், பிறகு மெதுவாகத் தானும் ஏறினார், அட்டை விழுந்தது, தொண்ணூற்றேழு, பின்பக்கம் இழந்தது திரும்பக் கிடைக்கும் என்றிருந்தது. பெஞ்சில் உட்கார்ந்து காற்றில் விரலால் கணக்குப் போட்டார், அவர் கணக்குப்படி நான் ஐம்பது விநாடி பிந்தி எட்டாவதாக வந்திருக்க வேண்டும். அப்போ நீ ஜெயிச்சது அம்பதுலயா. ஆமா சார். எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது, அந்த எட்டு கிலோவை அவர் அவ்வளவு நேசித்திருந்தார்.

அடுத்த சனிக்கிழமை எடை பார்க்கவில்லை, சார் மிஷினை ஆட்டோவில் ஏற்றினார், எங்கள் எடைகளை எழுதிவைத்த ஒன்பது நோட்டுகளையும் கட்டி என் கையில் கொடுத்தார், பேப்பர் கடையில் மிஷினை இறக்கிப் பழைய இடத்திலேயே வைத்து, அதன்மேல் நோட்டுக் கட்டை வைத்தார், முள் நடுங்குகிறது, நாலு கிலோவைத் தொட்டுத் தொட்டுப் பின்வாங்குகிறது, பின்னாலிருந்து ரூத்தக்கா, கூட ஒரு முந்நூறு கிராம் இருக்கும் சார் என்கிறாள், வீட்டுக்காரர் இருமுகிறார், தெரியும் என்கிறார் சார். நோட்டுகளுக்குக் காசு வேண்டாம் என்று சார் அதற்குப் பதில் பேரீச்சம்பழம் வாங்கிக்கொண்டார், பொட்டலத்தைப் பிரித்து என்னிடம் நீட்டி, தின்னு என்றார், அவரும் ஒன்றை எடுத்தார், வாய்க்குப் பக்கத்தில் கொண்டுபோய் மிஷினை ஒரு தடவை பார்த்தார், பிறகு அதையும் என் கையிலேயே வைத்துவிட்டார். முள் இன்னும் நடுங்கிக்கொண்டிருக்கிறது, அதன்மேல் நான் இல்லை, என் வாய் நிறையப் பேரீச்சம்பழம்.