வெறும் வயிற்றில் ஒரு டின்

தன் பேரில் காவடி வேண்டிக்கொண்டிருக்கிற விஷயமே தேவகிக்குத் தெரியாது. கர்ப்பப்பையில் இருந்த கட்டியை எடுக்க அவளைச் சென்னைக்குக் கொண்டுபோனபோது, ஆபரேஷன் அறைக் கதவைப் பார்த்துக்கொண்டே அவள் புருஷன் ஜெகநாதன் வேண்டிக்கொண்டானாம். இவள் பிழைத்துக் கண் முழித்தால் வருகிற ஆடிக் கிருத்திகைக்குத் திருத்தணி மலைக்குப் பூக்காவடி எடுத்துக்கொண்டு படியேறி வருகிறேன் என்று. அவள் கண் முழித்தாள். தையல் பிரித்து ஊருக்குத் திரும்பி, சோறாக்க அடுப்படிக்கு வந்த பிறகுதான் மாமியார் எல்லம்மாள் அதைச் சொன்னாள். கேட்டதும் தேவகிக்குக் கண் கலங்கிவிட்டது. கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் தன்மேல் அவனுக்கு இவ்வளவு பிரியம் இருக்கிறதென்று அவன் வாயால் ஒருநாளும் சொன்னதில்லை.

கனகம்மாசத்திரத்திலிருந்து உள்ளே தள்ளி இருக்கிறது அவர்கள் ஊர். ஜெகநாதனுக்குச் சொந்த நிலம் கிடையாது. சடகோபன் என்கிற நிலக்காரரின் நெல் அறுக்கிற மெஷினை ஓட்டுகிறான். சித்திரையில் விதைத்த சொர்ணவாரி நெல் விளைந்து நிற்கிற காலமும் ஆடி மாதமும் ஒன்றாகத்தான் வரும். அந்த வருஷம் வானம் வேறு இருட்டிக்கொண்டு வந்தது. மழை விழுந்தால் நெல் சாய்ந்துவிடும் என்று ஊர் ஊராகச் சடகோபனுக்குப் போன் வந்தபடி இருந்தது. விடிந்ததும் மெஷினில் ஏறினால் பொழுது சாயத்தான் ஜெகநாதன் இறங்குவான்.

காவடி விரதத்துக்கு மாலை போட்டதும் அவன் ஒருவேளைச் சாப்பாட்டோடு நிறுத்திக்கொண்டான். கொஞ்ச நாள் போனதும் அதையும் விட்டுவிட்டு, காலையில் ஒரு டம்ளர் பால், சாயங்காலம் ஒரு வாழைப்பழம் என்று ஆக்கிக்கொண்டான். எல்லோரும்போல ஒருவேளை சாப்பிட்டால் போதாதா என்று தேவகி கேட்டதற்கு, சாமியிடம் உயிரைக் கேட்டு வாங்கிவிட்டு வயிற்றைச் சாக்காகக் காட்டக் கூடாது என்றான். வாங்கிய உயிர் அவளுடையதாயிற்றே.

வெறும் வயிற்றோடு வெயிலில், சூடும் தூசியும் அடிக்கிற மெஷினில் நாள் முழுக்க உட்கார முடியுமா? முதல் இரண்டு நாள் கண்ணைக் கட்டிக்கொண்டு வந்தது அவனுக்கு. அப்போதுதான் சடகோபன் அந்த டின்னைக் கொடுத்தார். எனர்ஜி டிரிங்க். ரோட்டோரக் கடைகளில் கண்ணாடிப் பெட்டிக்குள் கலர் கலராக அடுக்கி வைத்திருப்பார்களே, அதுதான். திருப்பதி ரோட்டில் லாரி ஓட்டுகிறவர்கள் எல்லாம் அதைத்தான் குடிக்கிறார்கள், நானும் குடிக்கிறேன், தூக்கம் சோர்வு எதுவும் அண்டாது என்று சொல்லிக் கொடுத்தார். கெட்ட எண்ணத்தில் கொடுக்கவில்லை. ஆள் மயங்கி வயலில் விழுந்துவிடக் கூடாதே என்றுதான் கொடுத்தார்.

குடித்த கொஞ்ச நேரத்தில் உடம்புக்குள் யாரோ சுவிட்சைப் போட்ட மாதிரி இருந்ததாம். அன்றைக்கு அவன் வீட்டுக்கு வந்தபோது பட்டினி கிடந்தவன் மாதிரியே இல்லை. கண் பளபளவென்று இருந்தது. ஓயாமல் பேசினான். அதற்குப் பிறகு காலையில் ஒன்று, மதியம் ஒன்று என்று ஆகி, அப்புறம் எத்தனை என்று அவனே சொல்வதில்லை. மெஷின் கேபினுக்குள் காலி டின்கள் உருண்டுகொண்டு கிடப்பதை, பால் கொண்டுபோன ஒருநாள் தேவகியே பார்த்தாள்.

"வெரதத்துல இதெல்லாம் குடிக்கலாமா மாமா?" என்று கேட்டாள். அத்தை மகன் என்பதால் அவனை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"இது சாப்பாட்டுல சேத்தியில்ல. தண்ணி மாதிரிதான்" என்றான்.

தண்ணீர் மாதிரி இல்லை என்பது அவளுக்குத் தெரிந்தது. அவன் தூங்குவதை நிறுத்திவிட்டான். படுத்தாலும் கால் ஆடிக்கொண்டே இருந்தது. காவடிக்குப் பூ கட்டிப் பழகலாம் என்று நார் எடுத்து உட்கார்ந்தால் விரல் நடுங்கி முடிச்சு விழவில்லை. ஒருநாள் அவளுடைய கையை இழுத்துத் தன் நெஞ்சில் வைத்துக்கொண்டு, உள்ளே மெஷின் ஓடுகிற மாதிரி இல்லையா என்று சிரித்தான். அவள் கைக்கு அடியில் அது ஓடவில்லை. குதித்தது, நின்றது, மறுபடி குதித்தது. அவள் கையை எடுத்துக்கொண்டாள்.

பத்தாவது வரைக்கும் படித்தவள் அவள். ஒரு காலி டின்னைக் கழுவி முந்தானையில் சுற்றிக்கொண்டு கனகம்மாசத்திரம் மருந்துக்கடைக்குப் போனாள். அங்கே இருந்தவர் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு பொடி எழுத்தைப் படித்தார். காபியில் இருக்கிற அதே சரக்குதான் இதிலும், சர்க்கரை வேறு நிறைய, வயிற்றில் ஒன்றும் இல்லாமல் இதை அடுத்தடுத்துக் குடித்தால் நெஞ்சு படபடக்கும், வேண்டாம் என்று சொல் என்றார். அவள் வந்து சொன்னாள். ஜெகநாதன் பாதியை மட்டும் காதில் வாங்கிக்கொண்டான்.

"காபிதானே? காபி குடிச்சி எவனாவது செத்துருக்கானா?"

மாமியாரிடம் போய் நின்றாள். நீங்களாவது சொல்லுங்கள் அத்தை, உங்கள் பேச்சைக் கேட்பார் என்றாள். எல்லம்மாள் முறத்தில் இருந்த அரிசியைவிட்டுத் தலையைத் தூக்கவில்லை.

"யாருக்காவ அவன் வயித்தக் காயப் போட்டுகினு கெடக்கறான்? நீயே வந்து வெரதத்தக் கெடுக்கச் சொல்றியே."

தேவகி அதற்குமேல் யாரிடமும் போகவில்லை. போக ஆளும் இல்லை. வீட்டுக்கு அவன் கொண்டுவந்து வைத்த டின்களை ஒருநாள் எடுத்துச் சாக்கடையில் ஊற்றினாள். அவன் கோபப்படக்கூட இல்லை. சட்டையை மாட்டிக்கொண்டு கடைக்குப் போய் வேறு வாங்கி வந்தான்.

கிருத்திகை அன்றைக்கு வேன் பிடித்துத் திருத்தணி போய்ச் சேர்ந்தபோது வெயில் ஏறிவிட்டிருந்தது. ஊர் முழுக்க மஞ்சள் துணிதான். சித்தூர்ப் பக்கத்திலிருந்தும் பொதட்டூர்பேட்டையிலிருந்தும் வந்த கூட்டம் சரவணப்பொய்கைக் கரையில் கால் வைக்க இடமில்லாமல் நெரிந்தது. ஜெகநாதன் குளத்தில் முழுகி எழுந்து, ஈர வேட்டியோடு நின்று, தம்பி அரசு நீட்டிய டின்னை ஒரே மூச்சில் குடித்தான். இன்னொன்றையும் கேட்டு வாங்கிக் குடித்தான். தேவகி அரசைப் பார்த்தாள். படியேறணுமே அண்ணி என்றான் அவன். பூக்காவடி தோளில் ஏறியது. பம்பைச் சத்தம் கிளம்பியது. அரோகரா என்று கூட்டம் நகர்ந்தது.

பாதிப் படி வரைக்கும் அவன் ஓட்டமாகத்தான் ஏறினான். வயிறு இழுத்துப் பிடித்துக்கொண்டு ஆபரேஷன் செய்த இடம் வலித்தாலும், தேவகி அவன் முதுகை விட்டுக் கண்ணை எடுக்காமல் பின்னாலேயே ஏறினாள். படிவழியில் இருக்கிற மண்டபத்துக்குக் கொஞ்சம் கீழே அவன் நின்றான். தோளில் காவடி இடமும் வலமுமாக ஆடியது. அவனேதான் ஆட்டுகிறான் என்று முதலில் அவளும் நினைத்தாள். பக்கவாட்டில் ஏறி முகத்தைப் பார்த்தபோது உதடு வெளுத்திருந்தது. உடம்பு முழுக்க வியர்வை ஊற்ற, கைகால் எல்லாம் தனித்தனியாக உதறின. கழுத்து நரம்பு தாறுமாறாகத் துடித்தது.

"சாமி வந்துட்சி" என்றார் யாரோ.

பம்பைக்காரர் அவன் அருகே வந்து இன்னும் வேகமாக அடிக்க ஆரம்பித்தார். குலவைச் சத்தம் எழும்பியது. ஒருவர் ஒரு கைப்பிடி விபூதியை அவன் நெற்றியில் அப்பினார். தேவகி அவன் கையைப் பிடிக்கப் போக, சாமி வந்த உடம்பைத் தொடாதே என்று இரண்டு பெண்கள் அவளை இழுத்தார்கள். இது சாமி இல்லை, இவருக்கு உடம்புக்கு முடியவில்லை, வழிவிடுங்கள் என்று தமிழிலும் சொன்னாள், தெலுங்கிலும் சொன்னாள். பம்பைச் சத்தத்தில் அவளுக்கே அவள் குரல் கேட்கவில்லை. கழுத்து நிறைய நகை போட்டிருந்த ஓர் ஆந்திராக்காரம்மா படியிலேயே மண்டிபோட்டு அவன் காலைத் தொட்டுக் கும்பிட்டு, தன் மகளுக்கு எப்போது கல்யாணம் ஆகும் என்று தெலுங்கில் கேட்டாள். கூட்டம் அவன் வாயையே பார்த்தது.

அவன் வாயைத் திறந்தான்.

"முடியல" என்றான். "முடியல."

தேவகிக்கு அது புரிந்தது. மற்றவர்களுக்கு வேறாகப் புரிந்தது. நேர்த்திக்கடன் முடியவில்லையாம், இன்னும் குறை இருக்கிறதாம், சாமி சொல்கிறது என்று ஒருவர் வாயிலிருந்து ஒருவர் வாய்க்கு அது படி முழுக்கப் போய்விட்டது. அரசுகூடக் கையைக் கூப்பிக்கொண்டு, என்ன குறை சாமி, சொல்லு சாமி என்று அண்ணனைப் பார்த்துக் கேட்டான். கண்ணில் தண்ணீர் வழிந்தது அவனுக்கு. தேவகி அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினாள்.

"உங்க அண்ணன் சாவறாரு அரசு. கண்ணத் தொறந்து பாரு."

அவன் பார்த்தான். பார்த்தும் அவனுக்குச் சாமிதான் தெரிந்தது.

ஜெகநாதன் முட்டி மடிந்து சாய்ந்தான். காவடி கீழே விழக்கூடாது என்று நாலைந்து கைகள் பாய்ந்து காவடியைப் பிடித்தன. அவனைப் பிடித்தது தேவகி ஒருத்திதான். தூக்கின காவடியைத் தரையில் வைக்கக் கூடாது, பாதியில் நிறுத்தவும் கூடாது, தம்பி எடுத்துக்கொண்டு போகலாம் என்று பெரியவர் ஒருவர் சொல்ல, அரசு அதைத் தோளில் வாங்கிக்கொண்டான். போகிற போக்கில், சாமி இறங்கினால் அண்ணனுக்குத் தெளிந்துவிடும் அண்ணி என்று சொல்லிவிட்டுப் போனான். பம்பை அவன் பின்னால் போயிற்று. கூட்டமும் அவன் பின்னால் போயிற்று.

படி ஓரத்துக் கைப்பிடிக் கம்பியோடு ஜெகநாதனைச் சாய்த்து மடியில் போட்டுக்கொண்டு அவள் உட்கார்ந்திருந்தாள். ஏறுகிறவர்கள் அவர்களைச் சுற்றி ஏறிக்கொண்டே இருந்தார்கள். சிலர் குனிந்து அவன் நெற்றி விபூதியை எடுத்துத் தங்கள் நெற்றியில் இட்டுக்கொண்டார்கள். தண்ணீர், தண்ணீர் என்று அவள் கேட்டதற்கு யாரோ ஒரு பாட்டிலைக் கொடுத்தார்கள். அது அவன் தொண்டைக்குள் இறங்காமல் கடைவாயில் வழிந்தது. மேலேயும் கூட்டம், கீழேயும் கூட்டம். அவனைத் தூக்க அவளுக்குத் தெம்பில்லை. விட்டுவிட்டு ஓடிப்போய் யாரையாவது கூட்டிவரவும் மனம் வரவில்லை. அவன் நெஞ்சில் கையை வைத்து அழுத்திக்கொண்டே இருந்தாள், அப்படி அழுத்தினால் அது அடங்கிவிடும் என்பதுபோல.

கடைசியில் பந்தோபஸ்துக்கு நின்றிருந்த ஒரு பெண் போலீஸ்தான் அவன் உதட்டைப் பார்த்துவிட்டு விசில் ஊதினாள். ஸ்ட்ரெச்சர் வந்தது. கீழே ஆம்புலன்ஸில் ஏற்றியதும் அதிலிருந்த நர்ஸ் முதலில் கேட்டது, என்ன சாப்பிட்டார் என்பதுதான். ஒன்றும் சாப்பிடவில்லை, அந்த டின்னைத்தான் குடித்தார் என்றாள் தேவகி. அன்றைக்குப் பூராவும் அவள் சொன்னதைக் காதில் வாங்கின முதல் ஆள் அந்த நர்ஸ்தான்.

பிழைத்துக்கொண்டான். நெஞ்சுத் துடிப்பு தறிகெட்டுப் போயிருந்தது, இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் நின்றிருக்கும், ஊசி போட்டு நிதானத்துக்குக் கொண்டுவந்திருக்கிறோம் என்று டாக்டர் சொன்னார். இனிமேல் அந்த டின் பக்கமே போகக் கூடாது, பட்டினி கூடாது, வெயிலில் வேலை கூடாது என்றும் சொன்னார். ஜெகநாதன் படுத்தபடி தலையை ஆட்டினான்.

ஆனால் அவன் வீட்டுக்கு வருவதற்கு முன்னாலேயே சாமி வந்த கதை ஊருக்கு வந்துவிட்டிருந்தது. அரசு மலையிலிருந்து கொண்டுவந்த பிரசாதத்தோடு அதையும் வீடு வீடாகக் கொடுத்திருந்தான். ஜெகநாதன் முடியல என்று சொன்னதைக் கேட்டவர்கள் வேனில் கூட வந்தவர்களிலேயே நான்குபேர் இருந்தார்கள். எல்லம்மாள் மகனைத் திருஷ்டி சுற்றி உள்ளே அழைத்துக்கொண்டாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் காய்ச்சல் குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு வந்து, விபூதி போடச் சொல்லி நின்றார்கள். தேவகி ஒவ்வொருத்தியிடமும் டாக்டர் சொன்னதைச் சொன்னாள். ஆங், ஆங் என்று கேட்டுக்கொண்டு, குழந்தையை அவன் பக்கம் நீட்டினார்கள்.

முதலில் அவனுக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. பிறகு போட்டான்.

பதினைந்து இருபது நாள் கழித்துச் சடகோபன் ஆப்பிள் வாங்கிக்கொண்டு பார்க்க வந்தார். வேறு ஆளை வைத்து ஓட்டுவதாகவும், அந்த ஆளுக்கு வரப்பும் தெரியவில்லை வாய்க்காலும் தெரியவில்லை என்றும் சொன்னார். வாசல்வரை போய்த் தேவகி அவரிடம், இனிமேல் அந்த டின்னைக் கொடுக்காதீர்கள் முதலாளி என்று கையெடுத்துக் கும்பிட்டாள். நான் எங்கேம்மா கொடுக்கிறேன், அவனாகத்தான் கேட்கிறான் என்றார். அவர் சொன்னது பொய்யும் இல்லை.

அவர் போனதும் ஜெகநாதன், நாளையிலிருந்து மெஷினுக்குப் போகிறேன் என்றான். அதோடு, வருகிற ஆடிக்கும் காவடி எடுக்க வேண்டும், சாமி குறை இருக்கிறதென்று சொல்லிவிட்டதே என்றான். தேவகி அவன் எதிரில் உட்கார்ந்தாள். சண்டைபோடத்தான் உட்கார்ந்தாள்.

"அது சாமி இல்ல மாமா. நீ முடியலன்னு சொன்ன. எனக்குத் தெரியும், ஒனக்கும் தெரியும்."

அவன் உள்ளங்கையில் ஒட்டியிருந்த விபூதியைத் தட்டிவிட்டான்.

"தெரியும்" என்றான். "அந்த நகை போட்ட அம்மா என் கால்ல உழுந்துச்சே, அத நீ பாத்தியா? எங்க நைனா சாவற வரைக்கும் ஊருல எல்லாரு கால்லயும் உழுந்துகினுதான் இருந்தாரு. என் கால்ல இதுக்கு மின்னாடி எவன் உழுந்தான்? சாமி வந்துச்சின்னா நான் ஒரு ஆளு தேவகி. டின்னுதான்னா நான் இன்னா? படியில மயங்கி உழுந்த மெஷின் டிரைவர். அவ்ளோதானே."

தேவகி அவிழ்ந்த தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டு எழுந்துபோனாள். டாக்டர் சொன்னது, மருந்துக்கடைக்காரர் சொன்னது எல்லாவற்றையும் அவள் மனதில் வரிசையாக வைத்திருந்தாள். இந்தப் பேச்சுக்கு எதிரே எடுத்துவைக்க அதில் ஒன்றும் இல்லை.

மறுநாள் அவன் வயிறு நிறைய சாப்பிட்டுவிட்டுத்தான் போனான். அந்த மட்டில் அவளுக்கு ஓர் ஆறுதல். அந்த ஆறுதலும் மதியச் சோறு கொண்டுபோகிற வரைக்கும்தான். வயலில் மெஷின் திரும்புகிற இடத்தில், கேபினுக்குள் அவன் தலையை அண்ணாந்து டின்னைக் கவிழ்ப்பது தெரிந்தது. அவள் நிற்பதைப் பார்த்துவிட்டுக் கையை ஆட்டினான். அவளும் ஆட்டினாள்.

அன்றிலிருந்து அவள் சோற்றைக் கொடுத்துவிட்டு வீட்டுக்குத் திரும்புவதில்லை. வரப்பில் ஒரு வேப்ப மர நிழல் பார்த்து உட்கார்ந்துகொள்கிறாள். ஆபரேஷன் ஆனதிலிருந்து புருஷனை விட்டு அரைநாழி பிரிந்திருக்க மாட்டேன் என்கிறாள் என்று களத்துப் பெண்கள் அவளைக் கேலி செய்கிறார்கள். அவளும் சிரித்துவைக்கிறாள். கண்மட்டும் மெஷினை விட்டு நகர்வதில்லை. அது நேராகப் போகிறதா, சாய்கிறதா என்று பார்த்துக்கொண்டே இருக்கிறாள். சாய்ந்தால் என்ன செய்வது என்று மட்டும் அவளுக்கு இன்னும் தெரியவில்லை.