வலிக்கு ஒரு ஓட்டுப்பெட்டி

மகிமாவின் வீட்டில் எல்லோரும் போடி பஜாரில் ஏலக்காய் வியாபாரம். அவள் மட்டும் பிசியோதெரபி படித்து, முனைவர் பட்டத்துக்கு இடுப்பு வலியை எடுத்துக்கொண்டாள். வலியைக் குறைப்பது அக்குபஞ்சர் ஊசியா, ஊசி போட்டுக்கொண்டோம் என்ற நம்பிக்கையா என்பதுதான் அவள் கேள்வி. திராட்சைப் பந்தலுக்கு அடியில் நாளெல்லாம் அண்ணாந்தும் குனிந்தும் வேலை செய்கிறவர்கள் கம்பம் பள்ளத்தாக்கில் ஊருக்கு ஊர் இருந்ததால், ஆளுக்குப் பஞ்சமில்லை.

ராயப்பன்பட்டியில் ஒரு சின்ன மண்டபத்தை வாடகைக்குப் பிடித்தாள். ஊசி போட சுரேஷ்கண்ணன் என்ற அக்குபஞ்சர் மருத்துவர் வந்தார். பாதிப் பேருக்கு நிஜ ஊசி. மீதிப் பேருக்கு, தோலைத் தொட்டதும் கைப்பிடிக்குள் போய்விடும் மழுங்கிய ஊசி. இப்படி இரண்டு வகை உண்டென்று முதல் நாளே எல்லோருக்கும் சொல்லிவிட்டார்கள். ஆனால் யாருக்கு எது என்பது சுரேஷ்கண்ணனுக்கு மட்டும்தான் தெரியும். குப்புறப் படுத்திருப்பவருக்குத் தெரியாது. திரைக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து வலியைக் கேட்டு எழுதும் மகிமாவுக்கும் தெரியாது.

"வலியே இல்லன்னா சைபர். தாங்கவே முடியலன்னா பத்து. இன்னைக்கு எத்தனை சொல்வீங்கக்கா?"

"ரெண்டுதான் டாக்டரம்மா. எல்லாம் ஓடியே போச்சு" என்பாள் பாண்டீஸ்வரி. முதல் வாரம் எட்டு என்று சொன்னவள் அவள். அவளும் புருஷன் ராக்கையாவும் ஊருக்கு வெளியே பன்னீர் திராட்சை போட்டிருந்தார்கள். வரும்போதெல்லாம் ஒரு குலையைத் துண்டில் சுற்றி எடுத்துவந்து மகிமாவின் மேசையில் வைப்பாள். அவளைப் பார்த்தாலே மகிமாவுக்குத் தெம்பாக இருக்கும். ஆராய்ச்சி நன்றாகப் போகிறது என்று வீட்டிலும் சொல்லிக்கொண்டாள்.

ஒரு சனிக்கிழமை, வீட்டுக்கு ஒரு பெட்டி திராட்சை வாங்கலாம் என்று அவர்கள் தோட்டத்துக்கு ஸ்கூட்டரில் போனாள். பந்தலுக்குள் நுழைந்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பாண்டீஸ்வரி வெறும் தரையில் மல்லாந்து கிடந்தாள். இடுப்புக்கு அடியில் மடித்த சாக்கு. பல்லைக் கடித்துக்கொண்டு மூச்சை இழுத்து இழுத்து விட்டாள்.

"அக்கா! என்னாச்சு?"

எழுந்திருக்கப் பார்த்தவளால் முடியவில்லை. மகிமா பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நேத்து ரெண்டுன்னுதானக்கா சொன்னீங்க?"

பாண்டீஸ்வரி முகத்தைத் திருப்பிக்கொண்டாள். "என்ன செய்யச் சொல்றீக? போடியிலருந்து வண்டியில வந்து, சாப்பிட்டீகளா, தூங்குனீகளா, இடுப்பு எப்படி இருக்குன்னு கேக்குறீக. எங்க வீட்டுல என் இடுப்பப் பத்தி இந்நாள் வரைக்கும் ஒருத்தரும் ஒரு வார்த்தை கேட்டதில்ல. அப்படிக் கேக்குற புள்ளைகிட்ட வலிக்குதுன்னு சொல்லி மொகத்த வாட வைக்க எனக்கு மனசு வரல."

மகிமாவுக்குக் கோபம் வரவில்லை. அந்த அம்மாளை மெல்லப் பிடித்து ஒருக்களித்துப் படுக்க வைத்தாள். நிறைத்த பெட்டிகளைத் தூக்கி அடுக்கிக்கொண்டிருந்த ராக்கையா, கையில் இருந்த பெட்டியோடு அங்கேயே நின்றிருந்தார். எல்லாம் அவர் காதில் விழுந்திருந்தது.

மகிமா மதுரையில் இருக்கும் தன் வழிகாட்டி பேராசிரியர் சங்கரலிங்கத்துக்குப் போன் செய்தாள். இன்னும் எத்தனை பேர் தனக்காகப் பொய் சொல்லியிருப்பார்கள் என்று கேட்டாள்.

"இதுவரைக்கும் வந்ததை அழிக்காதே. நடந்தது நடந்தபடி எழுது" என்றார் அவர். "இனிமே அவங்க உன் முகத்தைப் பார்த்துப் பதில் சொல்லாத மாதிரி ஏதாவது ஏற்பாடு பண்ணு. அதையும் எழுது."

மகிமா நிறைய யோசிக்கவில்லை. மண்டபத்தின் மூலையில் ஒரு பழைய சேலையைக் கட்டி மறைத்தாள். உள்ளே ஒரு மேசை, பேனா, பூட்டிய தகரப்பெட்டி. சைபரிலிருந்து பத்து வரை கோடு போட்ட சீட்டைக் கையில் கொடுத்து, "உள்ள போய் நீங்களே குறிச்சு, மடிச்சு பெட்டியில போட்டுட்டு வாங்க. சீட்டுல உங்க பேரு கிடையாது, நம்பர்தான். மதுரையில வேற ஆளு பிரிச்சு எண்ணுவாங்க" என்றாள்.

"ஓட்டுப் போடுற மாதிரிங்க" என்றாள் கூடலூரிலிருந்து வரும் அக்கம்மாள். "அப்ப யாருக்குப் போட்டேன்னு சொல்ல வேண்டியதில்ல." மண்டபமே சிரித்தது.

அந்த வாரம் கிட்டத்தட்ட எல்லோருக்கும் வலி ஏறிவிட்டதாக மதுரையிலிருந்து தகவல் வந்தது. மகிமா வருத்தப்படுவாள் என்று நினைத்து சுரேஷ்கண்ணன் மெதுவாகப் பேச்செடுத்தார். அவளோ, "இப்பத்தான் சார் ஆராய்ச்சியே ஆரம்பிக்குது" என்று சொல்லிவிட்டு இருவருக்கும் டீ வாங்கிவரப் போனாள்.

கடைசி ஊசியும் முடிந்து கணக்குப் பார்த்த பிறகு எல்லோரையும் மண்டபத்துக்கு அழைத்து உண்மையைச் சொன்னார்கள். பெட்டியில் விழுந்த சீட்டுகளின்படி இரண்டு பக்கமும் வலி கொஞ்சம் குறைந்திருந்தது. நிஜ ஊசிப் பக்கம் ஒரு இழை கூடுதலாகக் குறைந்திருந்தது. அந்த ஒரு இழையை வைத்துக்கொண்டு அடித்துச் சொல்ல முடியாது, இன்னும் நிறையப் பேரிடம் பார்க்க வேண்டும் என்றாள் மகிமா. பாண்டீஸ்வரிக்குப் போட்டது நிஜ ஊசி. நன்றாகத் தூங்க ஆரம்பித்திருந்த அக்கம்மாளுக்கு மழுங்கிய ஊசி.

"குத்தாத ஊசிக்கே இம்புட்டுச் சொகமா?" அக்கம்மாள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "எனக்கு அதையே போடுங்க டாக்டரம்மா, காசு கொடுத்துப் போட்டுக்கிறேன்."

பாண்டீஸ்வரி மட்டும் கொஞ்சம் தயங்கி, "என்னாலதான் ஒங்களுக்கு இம்புட்டுச் செரமம்" என்றாள்.

"உங்களாலதாங்க்கா தப்பு தெரிஞ்சுது. இல்லாட்டி பொய்யான ஒண்ணை நல்ல சேதின்னு ஊருக்கெல்லாம் சொல்லியிருப்பேன்."

வேலை முடிந்தது, மண்டபத்தைக் காலி செய்யலாம் என்று மகிமா நினைத்திருந்தாள். பெண்கள் விடவில்லை. அதனால் வெள்ளிக்கிழமை சாயங்காலங்களில் அங்கேயே இடுப்புக்கான உடற்பயிற்சி சொல்லிக்கொடுக்கத் தொடங்கினாள். பாண்டீஸ்வரியை ராக்கையா டிவிஎஸ்ஸில் கொண்டுவந்து விடுவார். முன்பு இருவரும் தூக்கிய பெட்டிகளை இப்போது அவர் ஒருவரே தூக்குகிறார். அவள் நிழலில் உட்கார்ந்து பழத்தை ரகம் பிரிக்கிறாள். வலி முழுசாகப் போகவில்லை, ஆனால் குனிந்து கோலம் போட முடிகிறது என்றாள்.

மூன்றாவது வெள்ளிக்கிழமை அவளை இறக்கிவிட்ட ராக்கையா திரும்பிப் போகவில்லை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, வேட்டியை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே வந்தார்.

"எனக்கும் இங்கன பிடிச்சு இழுக்குது தாயி" என்று இடுப்பைத் தொட்டுக் காட்டினார்.

"பெட்டி தூக்குறாகல்ல!" என்றாள் பாண்டீஸ்வரி. பக்கத்தில் இருந்த பாயை அவருக்கு உதறி விரித்துப் போட்டாள்.